பிள்ளையின் பயத்துக்குப் புள்ளி போடுவது எப்படி?



குடும்பநல நேரத்தில் சென்ற மாதம் நான் வாசித்த உரையை எழுத்திலும் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். நேரம் போதாமல் விட்ட சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

விடயம் இதுதான். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட ஒரு பிள்ளை அடிக்கடி அழுகிறது, முன்பள்ளியில் வாய் திறப்பதில்லை, தாயை விட்டு அகல மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பள்ளி ஆசிரியையோ, தாய்சேய் நலத் தாதியோ, குடும்ப வைத்தியரோ பெற்றோரின் கையில் ஒரு படிவத்தைத் தருகிறார்கள். அதில் இருபத்தைந்து, முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சில கட்டங்கள். ஏதாவது ஒன்றில் புள்ளடி போட வேண்டும்.

நமது வீடுகளில் அந்தப் படிவம் பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே போய்விடுகிறது. அல்லது எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று புள்ளடி போட்டுத் திரும்பிப் போகிறது. ஒரு தாயார் தொலைபேசியில் என்னிடம் கேட்டார்: “அண்ணை, எத்தினை புள்ளிக்கு மேலை போனால் பிள்ளை பிழையெண்டு பதிவாங்கள்?” இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

நான் உளவியலாளன் அல்லன். வணிகவியல் படித்துக் கணக்காளனாக வேலை செய்பவன். ஆனால் இந்தப் படிவங்களுக்குப் பின்னால் இருப்பதில் பெரும்பகுதி கணக்குத்தான். எண்ணுவது, கூட்டுவது, ஒப்பிடுவது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு சரிபார்ப்பது. அந்தப் பக்கத்தை என்னால் விளக்க முடியும். சிகிச்சை பற்றிய கேள்விகளை உங்கள் வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

ஏன் பெற்றோரிடம் கேட்கிறார்கள்?

ஆங்கிலத்தில் ‘அங்சைற்றி’ என்பதை நமது வைத்தியர்கள் ‘பதகளிப்பு’ என்று எழுதுகிறார்கள். வீட்டில் நாம் அந்தரம், ஏக்கம், பயம் என்று சொல்வதெல்லாம் இதனோடு சேர்ந்தவைதான். வளர்ந்த ஒருவர் “எனக்கு மனம் அந்தரமாக இருக்கிறது” என்று சொல்லிவிடுவார். நான்கு வயதுப் பிள்ளையால் அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு வருவது வயிற்று நோ. காலையில் சப்பாத்து போடும் நேரத்தில் வரும், சனிக்கிழமை வராது. அல்லது இரவில் நித்திரை வராது, சாப்பாடு இறங்காது, சின்ன விடயத்துக்கு விழுந்து புரண்டு அழும்.

இவற்றையெல்லாம் நாள் முழுக்கக் கூட இருந்து பார்ப்பவர் பெற்றோர்தான். வைத்தியர் பிள்ளையைப் பார்ப்பது பதினைந்து நிமிடம். அதுவும் புதிய அறையில், புதிய முகத்துக்கு முன்னால். அந்தப் பதினைந்து நிமிடத்தை வைத்துப் பிள்ளையின் ஆறு மாதத்தை எடைபோட முடியாது. ஆகவே, பார்த்தவரிடம் கேட்கிறார்கள். “உங்கள் பிள்ளை எப்படி?” என்று பொதுவாகக் கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். அதனால் ஒரே கேள்விகளை, ஒரே சொற்களில், எல்லாப் பெற்றோரிடமும் கேட்கிறார்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயம் என்பது நோய் அல்ல. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை குழந்தை புதியவரைக் கண்டு அழுவதும், தாயைத் தேடுவதும் வளர்ச்சியின் அடையாளம். இரண்டு வயதிலிருந்து நான்கு, ஐந்து வயது வரை இருட்டு, மிருகங்கள், பூதம், பேய் என்று பயப்படுவதும் வழக்கம். வினாக்கொத்து தேடுவது பயம் இருக்கிறதா என்பதை மட்டும் அல்ல. அது எவ்வளவு அடிக்கடி வருகிறது, எத்தனை வகையாக வருகிறது, அந்த வயதில் மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பதைவிடக் கூடுதலா என்பதைத்தான் தேடுகிறது.

உங்கள் கைக்கு வரக்கூடிய இரண்டு படிவங்கள்

அவுஸ்திரேலியாவில் பெற்றோர் அடிக்கடி காணக்கூடிய ஒரு படிவத்தைச் சுருக்கமாக எஸ்.டி.கியூ. என்பார்கள். பிரித்தானிய மனநல வைத்தியர் ரொபேர்ட் குட்மன் 1997ஆம் ஆண்டு வெளியிட்டது. பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்பது. மொத்தம் 25 கேள்விகள், ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து. உணர்வுச் சிரமம், நடத்தைச் சிரமம், துருதுருப்பும் கவனக் குறைவும், சக பிள்ளைகளோடு உள்ள சிரமம் என்று நான்கு பகுதிகள். ஐந்தாவது, பிறருக்கு உதவும் நல்ல குணங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ‘உண்மையல்ல’, ‘ஓரளவு உண்மை’, ‘நிச்சயமாக உண்மை’ என்று மூன்று பதில்கள். சிரமத்தைச் சொல்லும் பதிலுக்கு 2 வரை புள்ளி. முதல் நான்கு பகுதிகளை மட்டும் கூட்டுவார்கள். ஆகக் கூடியது 40. நல்ல குணங்களின் புள்ளி தனியாக நிற்கும். இந்தப் படிவத்துக்குத் தமிழ் வடிவமும் உண்டு, கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது, பதகளிப்பை மட்டும் அளப்பதற்கென்றே அவுஸ்திரேலியாவில் உருவானது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கான பதகளிப்பு அளவுகோல் என்று தமிழில் சொல்லலாம். சூசன் ஸ்பென்ஸ், ரொன் ரபீ ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 2001ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இரண்டரை வயதிலிருந்து ஆறரை வயது வரையான 755 பிள்ளைகளின் பெற்றோர் தந்த பதில்களை வைத்து அதைச் சோதித்தார்கள். 28 கேள்விகளுக்குப் புள்ளி உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, அதாவது ‘சற்றும் இல்லை’ என்பதிலிருந்து ‘மிக அடிக்கடி’ வரை. ஆகக் கூடியது 112.

அந்த 28 கேள்விகளும் ஐந்து வகையாகப் பிரியும். பிரிவைப் பற்றிய பயம், மற்றவர்கள் முன்னிலையில் வரும் பயம், எதற்கெடுத்தாலும் கவலைப்படுவது, உடலுக்குத் தீங்கு வருமென்ற பயம் (நாய், பூச்சி, இருட்டு, வைத்தியர் போன்றவை இதில் அடங்கும்), ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமென்ற உந்தல் ஆகியவை அவை. 2010ஆம் ஆண்டு, 764 தாய்மாரும் 418 தந்தைமாரும் தந்த பதில்களைக் கொண்டு திருத்திய வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் கடைசி வகை தனிப் பகுதியாக நிற்கவில்லை. நான்கு வகைகளே மிஞ்சின. அளவுகோலையும் அவ்வப்போது சரிபார்த்துத் திருத்துகிறார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கூட்டுத்தொகை எதை மறைக்கும்?

ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ஒத்துவந்தால் கணக்குச் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்காளருக்குத் தெரியும், மொத்தம் ஒத்துவந்தாலும் உள்ளே ஒரு கணக்கில் பிழை இருக்கலாம். இந்தப் படிவத்திலும் அப்படித்தான்.

ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது நான் போட்ட கற்பனைக் கணக்கு. எஸ்.டி.கியூ. படிவத்தில் நடத்தைக்கு 1, துருதுருப்புக்கு 3, சக பிள்ளைகளோடு 1, உணர்வுப் பகுதியில் 6. மொத்தம் 11. குட்மன் வகுத்த முதல் எல்லைகளின்படி, பெற்றோர் நிரப்பும் படிவத்தில் 13 வரை வழமையான அளவு, 14 முதல் 16 வரை எல்லைக்கோடு, 17க்கு மேல் கவனிக்க வேண்டியது. எனவே மொத்தத்தைப் பார்த்தால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உணர்வுப் பகுதியை மட்டும் பார்த்தால் 3 வரை வழமை, 4 எல்லைக்கோடு, 5க்கு மேல் கவனிக்க வேண்டியது. இவளுக்கு 6.

ஒருவரையும் அடிக்காத, சத்தம் போடாத, சொன்ன இடத்தில் இருக்கிற பிள்ளை. மற்ற மூன்று பகுதிகளிலும் குறைந்த புள்ளி எடுத்ததால் நான்காவது பகுதியின் சிரமம் மொத்தத்துக்குள் ஒளிந்துகொண்டது. பதகளிப்பு உள்ள பல பிள்ளைகள் இப்படிப்பட்டவர்கள்தான். ஆகவே பெறுபேற்றைக் கேட்கும்போது மொத்தத்தோடு நிறுத்தாதீர்கள். “உணர்வுப் பகுதியில் எத்தனை?” என்று கேளுங்கள்.

உயர்ந்த புள்ளி என்றால் நோயா?

இல்லை. இந்த எல்லைகள் இரத்தச் சர்க்கரை அளவு போல உடலில் எடுத்தவை அல்ல. ஏராளமான பெற்றோரின் பதில்களை வரிசையில் வைத்துப் பார்த்து, இந்த இடத்துக்கு மேல் இருப்பவர்களைக் கொஞ்சம் கவனிப்போம் என்று போட்ட கோடுகள். எஸ்.டி.கியூ. எல்லைகளைப் போட்டபோது, பொதுவான சமூகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பிள்ளைகள் வழமையிலும், 10 பேர் எல்லைக்கோட்டிலும், 10 பேர் அதற்கு மேலும் வரும்படி போட்டார்கள்.

சில உளவியலாளர்கள் ‘ரி புள்ளி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அது நேரான புள்ளியை மாற்றி எழுதுவது. அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரியை 50 என்று வைத்து, அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டுவது. 60 என்றால் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 16 பேர் அதற்கு மேல் இருப்பார்கள். நூற்றுக்கு 60 மார்க்ஸ் என்று நினைத்து யாரும் சந்தோசப்படவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம்.

இன்னொரு சின்னக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். விளங்குவதற்காக நான் எடுத்த எண்கள் இவை. ஒரு முன்பள்ளியில் 100 பிள்ளைகள். உண்மையில் உதவி தேவைப்படுகிற பிள்ளைகள் 10 பேர். படிவம் அந்தப் பத்தில் 8 பேரைப் பிடித்துவிடுகிறது. நல்ல படிவம்தான். ஆனால் மீதி 90 பேரில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 18 பேரையும் தவறாகச் சேர்த்துக்கொள்கிறது. இப்போது கோட்டுக்கு மேல் 26 பேர். அவர்களில் உண்மையில் உதவி தேவையானவர்கள் 8 பேர் மட்டுமே. அதோடு உதவி தேவைப்பட்ட 2 பேர் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டார்கள்.

இதனால்தான் படிவத்துக்குப் பிறகு நேரில் பேசிப் பார்க்கிறார்கள். படிவம் யாரோடு முதலில் பேச வேண்டும் என்று சொல்லும். என்ன நோய் என்று சொல்லாது. உயர்ந்த புள்ளி வந்தால் பிள்ளை ‘பிழை’ என்று ஆகிவிடாது. குறைந்த புள்ளி வந்தாலும் உங்கள் மனதில் கவலை இருந்தால் அதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

தாய் ஒன்று, தகப்பன் ஒன்று, ஆசிரியை இன்னொன்று

தாயும் தகப்பனும் தனித்தனியே நிரப்பினால் இரண்டு விதமாக வரும். ஆசிரியை நிரப்பினால் மூன்றாவது விதம். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. தோமஸ் அக்கன்பாக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987ஆம் ஆண்டு 119 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு பேரின் மதிப்பீடு முழுதாக ஒத்துப்போனால் 1, ஒரு தொடர்பும் இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவர் போல, பிள்ளையை ஒரே சூழலில் பார்ப்பவர்களுக்கு இடையில் சராசரி 0.60. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு சூழலில் பார்ப்பவர்களுக்கு இடையில் 0.28 மட்டுமே.

பிள்ளை வீட்டில் ஒன்றாகவும் வெளியில் வேறாகவும் இருக்கிறது என்பதுதான் இதன் கருத்து. வீட்டில் வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை முன்பள்ளியில் மாதக்கணக்காக ஒரு சொல்லும் பேசாமல் இருக்கலாம். வீட்டில் மட்டும் பார்ப்பவருக்கு அது தெரிய வராது. நமது பிள்ளைகளில் இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வீட்டில் தமிழ், முன்பள்ளியில் ஆங்கிலம் என்று இரண்டாவது மொழிக்குள் நுழையும் பிள்ளை கொஞ்சக் காலம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது. அது இயல்பானது. மற்றது, பேச விருப்பம் இருந்தும் பயத்தால் குரல் வராமல் போவது. முதலாவது வகைப் பிள்ளை பெரும்பாலும் கையாலும் முகத்தாலும் சைகை காட்டும், விளையாட்டில் சேரும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், தமிழ் தெரிந்தவர்களிடமும் பேசாமல் உறைந்துபோய் நின்றால் அது மொழிப் பிரச்சினையாக மட்டும் இருக்காது. இதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். வைத்தியருக்கு மிகவும் பயன்படும்.

நமது வீடுகளில் பதில் எங்கே கோணும்?

முதலாவது, படிவம் என்றாலே வரும் பயம். நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்தது படிவங்களினூடாகத்தான். நேர்காணலில் ஒரு திகதி மாறினால் போதும், மாதக்கணக்கில் விளக்கம் சொல்ல வேண்டும். 2012, 2013ஆம் ஆண்டுகளில் படகில் வந்த குடும்பங்களில் சிலர் இன்னும் தற்காலிக விசாவில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் ‘பிள்ளைக்குக் கெட்ட கனவு வருகிறதா?’ என்று கேட்டால், கை தானாக ‘இல்லை’ என்ற கட்டத்துக்குப் போகும். இது விளங்கிக்கொள்ளக் கூடியது. ஆனால் இந்தப் படிவம் விசா விண்ணப்பம் அல்ல. வைத்தியரும் உளவியலாளரும் சுகாதாரத் தகவலை இரகசியமாக வைத்திருக்கச் சட்டத்தால் கட்டுப்பட்டவர்கள். பிள்ளைக்கு ஆபத்து உண்டென்று சந்தேகம் வரும் வேளையில் அறிவிக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நிரப்புவதற்கு முன்னரே “இதை யார் பார்ப்பார்கள், எங்கே வைத்திருப்பீர்கள்?” என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பதில் கிடைத்த பிறகு நிரப்புங்கள்.

இரண்டாவது, ‘அடக்கமான பிள்ளை’ என்ற பெருமை. விருந்தினர் வந்தால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிகிற பெண் பிள்ளையை நாம் மெச்சுகிறோம். கூச்சம் குணமாக இருக்கலாம். ஆனால் பிறந்தநாள் விழாவுக்குப் போக ஆசைப்பட்டு உடுத்துவிட்டு, வாசலில் நின்று நடுங்கித் திரும்பி வருகிற பிள்ளை ஆசைப்பட்டதை இழக்கிறது. அதைக் குணம் என்று எழுதிவிட முடியாது.

மூன்றாவது, நித்திரை பற்றிய கேள்விகள். பெற்றோர் இல்லாமல் தனியே படுக்கத் தயங்குகிறதா என்று கேட்பார்கள். இங்கே பல வீடுகளில் கைக்குழந்தையையே தனி அறையில் விடுவது வழக்கம். நமது வீடுகளில் ஏழு வயது வரை எல்லோரும் ஒரே அறையில் படுப்பதும் வழக்கம். பழக்கத்தைப் பயமாக எழுத வேண்டியதில்லை. அம்மா சமையலறைக்குப் போனால் எழும்பிப் பதறுகிறதா, அம்மம்மாவோடு விட்டாலும் அழுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். “நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் படுப்பது வழக்கம்” என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

நான்காவது, நமது சொந்தப் பயம். வாண வேடிக்கைச் சத்தத்துக்கும் ஹெலிகொப்டர் சத்தத்துக்கும் நெஞ்சு இடிக்கிற தாய் தகப்பன்மார் நம்மிடையே இருக்கிறார்கள். நம் கண் பயத்தைத் தேடிப் பழகிய கண். சிலர் பிள்ளையிடம் சின்ன அசைவைக் கண்டாலும் பெரிதாக எழுதிவிடுவார்கள். வேறு சிலர், “நாங்கள் பங்கருக்குள் இருந்து வளர்ந்தோம், இவளுக்கு என்ன குறை?” என்று கேட்டு எல்லாவற்றையும் பூச்சியமாக எழுதுவார்கள். இரண்டு பேருமே பிள்ளையை அளக்கத் தங்களையே முழக்கோலாக வைக்கிறார்கள். படிவம் கேட்பது இந்தப் பிள்ளையை, இந்த ஆறு மாதத்தை.

அந்த ஒரு கேள்வி

முன்பள்ளி அளவுகோலில் 28 கேள்விகள் முடிந்ததும் 29ஆவதாக ஒன்று வரும். பிள்ளைக்கு மிக மோசமான அனுபவம் ஏதாவது நேர்ந்ததா என்று கேட்கும். ஆம் என்றால் விவரம் எழுத இடமும், அதன் பிறகு கெட்ட கனவு, அதை நினைவூட்டினால் கலங்குவது போன்றவை பற்றி ஐந்து கேள்விகளும் உண்டு. இவற்றுக்குரிய புள்ளியை மொத்தத்தில் சேர்ப்பதில்லை. தனியாகவே பார்ப்பார்கள்.

பல பெற்றோர் இந்த இடத்தில் பேனையை வைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் நமக்குத் தந்த ‘மனவடு’ என்ற சொல் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கிறது. இங்கே ஒரு தெளிவு வேண்டும். கேள்வி பிள்ளைக்கு நேர்ந்ததைப் பற்றியது. 2009இல் உங்களுக்கு நேர்ந்ததை முழுதாக எழுத வேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு அது நேரடி அனுபவம் அல்ல. அதேவேளை, வீட்டில் தொலைக்காட்சியில் ஓடிய காட்சி, இரவில் அப்பா அலறி எழும்பியது, தகப்பன் தடுப்பு முகாமில் இருந்த மாதங்கள், திடீரென்று வீடு மாறியது ஆகியவை பிள்ளையின் அனுபவங்கள்தான். எழுத விருப்பமில்லையென்றால் “நேரில் பேசுகிறேன்” என்று மட்டும் எழுதலாம். வெறுமையாக விடுவதைவிட அது நல்லது.

எப்படி நிரப்புவது?

நேயர்கள் வெட்டி வைத்துக்கொள்ள வசதியாகச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. காலத்தைப் பாருங்கள். எஸ்.டி.கியூ. வழக்கமாகக் கடந்த ஆறு மாதத்தைக் கேட்கும். நேற்று நடந்ததை மட்டும் வைத்து எழுத வேண்டாம்.

2. நிரப்புவதற்கு முன் ஒரு வாரம் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எந்த நாள், எந்த நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. கைக்காசுப் புத்தகம் எழுதுவது போலத்தான். ஞாபகம் கூட்டியும் சொல்லும், குறைத்தும் சொல்லும். குறிப்பு அப்படிச் செய்யாது.

3. முடிந்தால் தாயும் தகப்பனும் வெவ்வேறு படிவத்தில், ஒருவரையொருவர் கேட்காமல் நிரப்புங்கள். வேறுபாடு வந்தால் திருத்த வேண்டாம். அதுவும் தகவல்தான். பகலில் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா என்றால் அவர் கண்டதையும் கேட்டு எழுதுங்கள்.

4. ஒரு கேள்வி விளங்காவிட்டால் ஊகித்துப் புள்ளடி போடாதீர்கள். ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கேளுங்கள். விட்டுப்போன கேள்விக்கு வழி உண்டு. பிழையான பதிலை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

5. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தங்கையின் பயத்தையும் தாயின் கண்ணீரையும் பத்து வயதுப் பையன் மொழிபெயர்ப்பது அவனுக்குச் சுமை. வைத்தியரிடம் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தேசிய உரைபெயர்ப்புச் சேவையின் தொலைபேசி இலக்கம் 131 450.

6. எஸ்.டி.கியூ. படிவத்தோடு பின் இணைப்பு ஒன்று வருவதுண்டு. இந்தச் சிரமம் எவ்வளவு காலமாக இருக்கிறது, வீட்டு வாழ்க்கை, நட்பு, படிப்பு, விளையாட்டு ஆகியவற்றை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. வைத்தியர் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கமாகவும் இருக்கலாம். நாய்க்குப் பயம் என்பது சாதாரணம். நாய்க்குப் பயந்து ஆறு மாதமாகப் பூங்காவுக்கே போகவில்லை என்பது வேறு.

புள்ளி உயர்ந்தால் அடுத்தது என்ன?

முதலில் பேச்சு. பெற்றோரோடு, பிள்ளையோடு, சில வேளை ஆசிரியையோடு. அதற்குப் பிறகு தேவையென்றால் உதவி. இந்த வயதில் அந்த உதவி பெரும்பாலும் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதாகவே இருக்கும். பயப்படும் விடயத்தைப் படிப்படியாக, சின்னச் சின்ன அடியாக அணுகப் பழக்குவது. நாய்ப் படம், பிறகு வேலிக்கு அப்பால் கட்டியிருக்கும் நாய், பிறகு இன்னும் கொஞ்சம் கிட்ட. நாம் அன்பின் மிகுதியால் செய்வது இதற்கு எதிர். பிள்ளை அழுதால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம், பிள்ளைக்காக நாமே பதில் சொல்லிவிடுவோம். பிள்ளைக்கு அப்போதைக்கு ஆறுதல். ஆனால் ‘உண்மையாகவே ஆபத்துத்தான்’ என்ற பாடத்தையும் அது கற்றுக்கொள்கிறது.

சிட்னியில் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் ரபீ குழுவினர் கூச்சமும் ஒதுக்கமும் மிகுந்த 146 முன்பள்ளிப் பிள்ளைகளை எடுத்து, ஒரு பகுதியினரின் பெற்றோருக்கு மட்டும் ஆறு வகுப்புகள் நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை, பெற்றோருக்குத்தான். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வகுப்புக்குப் போன பெற்றோரின் பிள்ளைகளிடையே பதகளிப்பு நோய் குறைவாகக் காணப்பட்டது. 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இது. திருநீறு போட்டுப் பார்வை பார்ப்பதையோ நூல் கட்டுவதையோ விடச் சொல்லி நான் சொல்லவில்லை. அதோடு நிறுத்திவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெடிகெயர் அட்டை இருந்தால், குடும்ப வைத்தியர் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதித் தந்த பின், ஓர் ஆண்டில் 10 தடவை வரை உளவியலாளரின் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். முழுவதும் அல்ல. மீதி எவ்வளவு என்று நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். அகதியாக வந்த குடும்பங்களுக்கு நியூ சவுத் வேல்ஸில் ஸ்டார்ட்ஸ் நிறுவனமும், விக்டோரியாவில் பவுண்டேசன் ஹவுஸ் நிறுவனமும் இருக்கின்றன. போரையும் சித்திரவதையையும் கடந்து வந்தவர்களுக்காக 1980களின் பிற்பகுதியில் தொடங்கியவை. பெற்றோரின் நித்திரையின்மையையும் அங்கே பேசலாம். தாய் தகப்பனின் மனம் தேறுவது பிள்ளைக்கும் உதவும்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு என் பதில் இதுதான். எத்தனை புள்ளி வந்தாலும் பிள்ளையைப் பிழை என்று பதியும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. பயமுள்ள பிள்ளைக்கு வரிசையாகப் பூச்சியம் எழுதினால், கேட்பவர் “இந்த வீட்டில் உதவி தேவையில்லை” என்று படித்துக்கொண்டு அடுத்த பிள்ளையின் படிவத்தை எடுப்பார். வாய் திறந்து கேட்கத் தெரியாத வயதில் பிள்ளைக்கு இருக்கும் ஒரே சாட்சி நீங்கள்தான். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்.

குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு படிவம் இருந்தால் இந்த வாரம் அதைக் கீழே எடுங்கள். கேள்விகள் இருந்தால் வழக்கம்போல நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள். அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.